அகப்பைக்கு இடப்பக்கம்

முத்துச்செல்வி கடையத்திலிருந்து தென்காசிக்கு வாழ வந்தபோது கூடவே வந்தவை பீரோ, கட்டில், கிரைண்டர், அப்புறம் ஒரு நாய். முதல் மூன்றும் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்தவை. நாய் தன் விஷயத்தைத் தானே முடித்துக்கொண்டது. மறுவீட்டு வேனில் யாருக்கும் தெரியாமல் ஏறி, பின் சீட்டுக்கு அடியில் கிரைண்டரோடு கிரைண்டராகப் படுத்துக் கிடந்தது. தென்காசியில் கதவைத் திறந்ததும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் முன்னால் குதித்து, ஆரத்தித் தட்டை மோந்து பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குள் போனது. வலது காலை எடுத்து வைத்ததா என்று யாரும் கவனிக்கவில்லை.

பெயர் பவுன். நிறம் அப்படி. நாட்டு நாய்தான், ஆனால் நீட்டு மூக்கையும் ஒட்டின வயிற்றையும் பார்த்தால் பாட்டன் வழியில் எங்கேயோ ஒரு வேட்டை நாய் கலந்திருக்கிறது என்று தெரியும்.

மாமியார் வடிவம்மாள் நாயைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் வீடு தேடி வந்த ஜீவனை விரட்டக் கூடாது என்று ஒரு கணக்கு இருந்ததால் அன்றைக்குப் பவுன் தப்பித்தது.

மகன் அருண்பாண்டிக்கு ராணுவத்தில் வேலை. லீவு முடிந்ததும் ஜெய்சல்மருக்கு ரயிலேறிவிட்டான். வீட்டில் மிஞ்சியது இரண்டு பொம்பளைகளும் ஒரு நாயும். மாமனார் போய் வெகு காலமாகிறது. வடிவம்மாளுக்கோ வாயைத் திறந்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும், ஆனால் மருமகளிடம் மட்டும் அளந்துதான் பேசுவாள். அத்தை முகத்தை வைத்து அவள் கோபமாக இருக்கிறாளா, சும்மா இருக்கிறாளா என்று செல்வியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ராத்திரி பவுன் கட்டிலுக்குக் கீழே வந்து படுத்து ஒரு பெருமூச்சு விடும். அந்தச் சத்தம் ஒன்றுதான் அந்த வீட்டில் அவளுக்குத் தெரிந்த சத்தம்.

இப்படி ஒரு மாதிரி போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. சீர்த்தட்டு ஊர்வலம். வடிவம்மாள் கையில் ஆப்பிள் தட்டு. புது மருமகளைக் காட்ட வேண்டும் என்பதற்காக, கூறைப்பட்டைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வா என்று சொல்லியிருந்தாள். செல்வியும் வந்தாள். பவுனை வீட்டில் விட்டால் ஊளையிடுமே என்று கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தாள். அதுதான் தப்பாகப் போயிற்று. மீன் தலையைக் கவ்விக்கொண்டு ஒரு பூனை குறுக்கே ஓடியது.

பூனை போனது, பூனைக்குப் பின்னால் பவுன் போனது, பவுனுக்குப் பின்னால் கயிற்றை விடாத செல்வி பட்டுச் சேலை சரசரக்க, கொலுசு குலுங்க, சீர்த்தட்டு வரிசையை ஊடறுத்துக்கொண்டு போனாள். ஆப்பிள்கள் சாக்கடை ஓரம் வரை உருண்டன. மேளக்காரர் வாசிப்பை நிறுத்தவில்லை. ஓட்டத்துக்குத் தகுந்த மாதிரி வேகத்தைக் கூட்டினார்.

அன்று சாயங்காலம் வடிவம்மாள் தீர்ப்புச் சொன்னாள்.

"ஆடிக்கு ஒங்க அப்பா ஒன்னயக் கூட்டிட்டுப் போக வருவாருல்லா. நாயையும் கூட்டிட்டுப் போவட்டும். ஆடி கழிஞ்சு நீ வா. நாய் வர வேண்டாம்."

புது மருமகள் ஆடிக்குப் பிறந்த வீடு போவது வழக்கம். ஆனால் திரும்பி வரும்போது பவுன் இல்லாமல் இந்த வீட்டுக்குள் நுழைவதை செல்வியால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அது ஒழுங்கா நடந்தா அத்தே? இழுக்காம, என் காலோட ஒட்டி நடந்தா?"

"இது நடக்குமாக்கும்?"

"பழக்குனா நடக்கும்."

வடிவம்மாள் யோசித்தாள். காலையில் பேப்பரோடு ஒரு நோட்டீஸ் வந்திருந்தது. குற்றாலத்தில் சாரல் திருவிழா, கொழுகொழு குழந்தைப் போட்டி, கோலப் போட்டி, நாய் கண்காட்சி. இந்த வருடம் ஆனிக் கடைசியிலேயே வைத்திருந்தார்கள்.

"அங்கன போயி ஊரு முன்னாடி ஒரு சுத்து ஒழுங்கா நடத்திக் காட்டு. தெரு முன்னாடி மானம் போச்சுல்லா, ஊரு முன்னாடி திரும்பி வரட்டும். வந்தா நாய் இருக்கட்டும். இல்லன்னா கடையம்தான்."

செல்வி அன்று இரவே புருஷனைக் கூப்பிட்டாள். அருண்பாண்டிக்கு நாய் பழக்கத் தெரியாது. ஆனால் பக்கத்து முகாமில் நாய்ப் படையில் ஒரு சேக்காளி இருந்தான். அவனிடம் கேட்டுக் கேட்டு இவன் சொன்னான்.

"நாய் ஒன் எடது பக்கம் வரணும். அதோட தோள்பட்டை ஒன் காலுக்கு நேரா இருக்கணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. கயிறு தொளதொளன்னு தொங்கணும். சரியான எடத்துல இருக்கும்போது மட்டும் தீனி குடு. எடம் மாறுனா குடுக்காத. அவ்வளவுதான். ரொம்ப ஈசிங்கான் இவன்."

ஈசிதான். மறுநாள் காலையில் செல்வி அவித்த ஈரலைத் துண்டு துண்டாக நறுக்கி எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். பவுன் இடது பக்கம் வந்து நின்றது. "காலோட!" என்றாள். இரண்டடி நடந்தது. அடடா என்று ஈரலை நீட்டினாள். பவுன் அவள் முட்டுக்கு முன்னால் குறுக்கே பாய்ந்தது. செல்வி பவுன் மேல் தடுக்கி, முனிசிபாலிட்டி குழாயைக் கட்டிப்பிடித்து நின்றாள்.

மறுபடியும். இரண்டடி. ஈரல். குறுக்கே. குழாய்.

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. கயிற்றைச் சுருக்கிப் பிடி என்றார்கள், நீளமாக விடு என்றார்கள், நாய்க்குக் கண் தெரியவில்லையோ என்றார்கள். ஒருவர் செல்விக்கே கண் தெரியவில்லையோ என்றார். ஒரு வாரத்தில் பவுன் ஒன்றை மிகத் திறமையாகக் கற்றுக்கொண்டது: எஜமானிக்கு முன்னால் குறுக்காக நின்றுகொண்டு, அவள் வலது கையை அண்ணாந்து பார்த்தபடி, நண்டு மாதிரி பக்கவாட்டில் நடப்பது. நண்டாகப் பிறந்திருந்தால் கூட இவ்வளவு நேர்த்தி வந்திருக்காது.

செல்வி அழுதுகொண்டே வீடியோ காலில் புருஷனுக்குக் காட்டினாள். திரையில் அருண்பாண்டியின் முகத்துக்குப் பக்கத்தில் சேக்காளியின் மீசையும் தெரிந்தது. மீசை ஏதோ கேட்டது.

"தீனிய எந்தக் கையால குடுக்கன்னு கேக்கான்."

"வலது கையாலதான். வேற எந்தக் கையால குடுப்பாங்க?"

மீசை தலையில் அடித்துக்கொண்டது.

"நாய் எடது பக்கம் நிக்கி, தீனி வலது பக்கத்துலருந்து வருதுன்னா அது குறுக்கால வராம என்ன செய்யும்? எடது கையால குடு."

அப்போதுதான் செல்விக்கு விளங்கியது. விளங்கி என்ன செய்ய? ஈரல் துண்டை இடது கையில் எடுத்தாள். கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து இடது கையால் ஒருவருக்கு ஒரு பொருளைக் கொடுத்தவள் இல்லை. சின்ன வயசில் பஸ்ஸில் இடது கையால் சில்லறை நீட்டி, அதற்கு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் முழங்கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நீட்டப் போனாள். வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஏட்டி! எடது கையாலயா சோறு குடுக்க?"

"நாய்க்குத் தெரியாது அத்தே."

"நாய்க்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா? வாயில்லா ஜீவன்னா எப்படி வேணும்னாலும் போடலாமா? எனக்கு நாய் புடிக்காதுதான். அதுக்காவ எடது கையால திங்கணும்னு நான் சொல்லல."

போனிலிருந்து அருண்பாண்டி கத்தினான். "எம்மா, பட்டாளத்துல எல்லா நாயும் எடது கையாலதான் திங்கி!"

"அதான் பார்டர்ல சண்ட ஓய மாட்டேங்கு," என்று சொல்லிவிட்டு வடிவம்மாள் உள்ளே போய்விட்டாள்.

அன்று இரவு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வடிவம்மாள் குழம்புச் சோற்றை முடித்துவிட்டு ரசத்துக்கு வந்தாள். வலது கை எச்சில் கை. அதனால் எப்போதும் போல இடது கையால் அகப்பையை எடுத்தாள். சிரட்டையில் செய்து நீட்டுக் காம்பு போட்ட அகப்பை. ரசத்தை மோந்தாள். அகப்பை பானைக்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. செல்வி அகப்பையைப் பார்த்தாள். வடிவம்மாள் அகப்பையைப் பார்த்தாள். ரசம் தரையில் சொட்டியது. யார் முதலில் பார்த்தது என்பதில் இன்றைக்கும் அவர்களுக்குள் வழக்கு உண்டு.

"கரண்டியால பரிமாறுதது குத்தமில்ல," என்றாள் வடிவம்மாள் மெதுவாக.

"எந்தக் கையில புடிச்சாலும்," என்றாள் செல்வி.

"எந்தக் கையில புடிச்சாலும்."

சாப்பாட்டைப் பாதியில் விட்டு இரண்டு பேரும் எழுந்தார்கள். வறுத்த நிலக்கடலையையும் துளி வெல்லத்தையும் வடிவம்மாளே அம்மியில் வைத்து மைய அரைத்தாள். அகப்பையின் உள்பக்கம் தடவி, செல்வியின் இடது கையில் கொடுத்தாள். முற்றத்தில் ஒரு சுற்று. பவுன் இடது பக்கம், தோள்பட்டை காலுக்கு நேராக, முகம் மேலே நிமிர்ந்து, கோயில் யானை மாதிரி அழகாக நடந்தது. நிற்கும்போது ஒரு நக்கு. மறுபடி நடை. செல்வி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாடியில் விளக்கு எரிந்தது.

அதன் பிறகு தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. சாயங்காலமானால் முன்னால் அகப்பை, அகப்பைக்கு நேர் கீழே பவுன், பக்கத்தில் செல்வி, நாலடி பின்னால் இடுப்பில் கை வைத்த வடிவம்மாள்.

"என்ன வடிவு, தெருவுக்கே சாம்பாரா?" என்று பக்கத்து வீட்டு மாடியிலிருந்து கேட்டாள் ஹைருன் பீவி.

"ஒனக்கு வேணும்னா தட்ட எடுத்துட்டு எறங்கி வா," என்றாள் வடிவம்மாள்.

சும்மா காற்று வாங்க வருகிறேன் என்றுதான் வடிவம்மாள் முதல் நாள் கூட வந்தாள். பிறகு நாலு மணிக்கே முகம் கழுவி, சேலை மாற்றி, கடலை அரைத்து வைத்துவிட்டுச் செல்விக்காகக் காத்து நின்றாள். "அர சாண் முந்துது பாரு," "திரும்பும்போது பிந்துது பாரு" என்று பின்னாலிருந்து அதிகாரம் வேறு. கோயில் கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும். அங்கே போய் நின்றுகொண்டு, மாமனார் வேட்டி ஒரு தடவை அந்தக் காற்றில் என்ன ஆனது என்று ஒரு கதை சொன்னாள். செல்வி சிரித்துச் சிரித்து அகப்பையைக் கீழே போட்டாள். பவுன் அகப்பைக்கு இடது பக்கம் போய் ஒழுங்காக உட்கார்ந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். கெட்டிக்காரப் பயல் என்று மெச்சிக்கொண்டார்களே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

ஜெய்சல்மர் மீசை எச்சரிக்கத்தான் செய்தது. அகப்பையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மறைக்க வேண்டும் என்றது. "ஓடுத வண்டிய எதுக்கு நிப்பாட்டணும்?" என்றாள் வடிவம்மாள். செல்விக்கும் அது சரியாகத்தான் பட்டது.

குற்றாலத்தில் அன்று நல்ல சாரல். அருவிகள் எல்லாம் கொட்டின. எண்ணெய் வழிகிற ஆண்கள் துண்டோடு சாலையில் திரிந்தார்கள். பஜ்ஜிக் கடைப் புகையும் மழைப் புகையும் ஒன்றாகக் கிடந்தன. ஐந்தருவி ரோட்டில் இடுப்பளவு சுவர் வைத்த மைதானம் ஒன்றில் நாய் கண்காட்சி. கன்றுக்குட்டி அளவுக்கு நாய்கள் வந்திருந்தன. சிலவற்றுக்குக் குடை பிடித்திருந்தார்கள். ஒரு நாய்க்குத் தலை வாரிப் பின்னல் போட்டிருந்தது. செல்வி பவுனைப் பார்த்தாள். பவுன் அகப்பையைப் பார்த்தது.

நடுவராக வந்திருந்தவர் வெளியூர் கால்நடை டாக்டர். செல்வியின் கையைக் காட்டிக் கேட்டார்.

"இது என்னம்மா?"

"அகப்பை சார்."

"தீனி கையில இருக்கக் கூடாது."

"தீனி இல்ல சார். கழுவுன அகப்பை. சும்மா கையில வச்சிருக்கேன்."

விதிமுறையில் அகப்பையைப் பற்றி எதுவும் இல்லை. டாக்டர் போகச் சொல்லிவிட்டார்.

"காலோட," என்றாள் செல்வி. கூட்டத்தில் முன்வரிசையில் அத்தை நிற்பது தெரிந்தது. பவுன் புறப்பட்டது. தோள்பட்டை காலுக்கு நேராக. கயிறு ஊஞ்சல் மாதிரி தொங்க. பாதிச் சுற்று வந்துவிட்டது. சுவர் ஓரம் திரும்ப வேண்டும். கூட்டம் கை தட்டத் தொடங்கியது. பவுன் இருக்கப் போகிறது, என்னோடு இருக்கப் போகிறது என்று செல்விக்குள் ஒரு சந்தோஷம் பொங்கி மேலே வந்தது.

மேலேயிருந்து ஒரு குரங்கும் வந்தது.

நாவல் மரத்திலிருந்து சுவரில் குதித்து, செல்வி கண்ணிமைப்பதற்குள் அகப்பையைப் பறித்துக்கொண்டது. எவ்வளவு கழுவினாலும் சிரட்டையில் கடலை வாசம் போகுமா? ஒரு நக்கு நக்கிப் பார்த்துவிட்டு, அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவர் மேல் நிதானமாக நடக்க ஆரம்பித்தது.

பவுன் குரைக்கவில்லை. பாயவில்லை. ஒரு தப்படி நகர்ந்து குரங்குக்கு இடது பக்கம் வந்தது. தோள்பட்டையைக் குரங்குக்கு நேராக வைத்தது. முகத்தை நிமிர்த்தியது. நடந்தது.

குரங்கு நடந்தால் பவுன் நடந்தது. குரங்கு நின்றால் பவுன் உட்கார்ந்தது. குரங்கு சந்தேகப்பட்டு ஓரடி பின்வாங்கினால் பவுனும் ஓரடி பின்வாங்கி மறுபடியும் அதன் இடது பக்கத்துக்கு வந்தது. முந்தவில்லை, பிந்தவில்லை. கயிறு தொளதொளவென்று தொங்கியது. கயிற்றின் மறுமுனையில் செல்வி, கோயில் தேருக்குப் பின்னால் போகிறவள் மாதிரி, என்ன செய்வதென்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தாள்.

மைக் பிடித்திருந்தவர் தன்னை மறந்தார். "ஆகா! தலை பாருங்க, நடை பாருங்க! நாய் அருமையா போவுது! எசமான் மட்டும்தான் மாறிட்டாரு!" கூட்டம் சுவரில் ஏறி நின்று கத்தியது. குடை பிடித்தவர்கள் குடையை விட்டார்கள். பின்னல் போட்ட நாய் கூட எட்டிப் பார்த்தது. டாக்டர் பேனாவைத் திறந்தார், மூடினார். "மார்க்க யாருக்குப் போடறது?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வடிவம்மாள் உள்ளே வந்தாள். "ஏலே! எங்க வீட்டு அகப்பையக் குடுலே!" என்று குரங்கைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் அருவியே ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. குரங்கு மரத்தில் ஏறிவிட்டது. பவுன் மரத்தடியில், அகப்பைக்கு நேர் கீழே, ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. பரிசு பின்னல் நாய்க்குப் போனது.

ஆட்டோக்காரர்கள் யாரும் ஈர நாயை ஏற்றவில்லை. மூவரும் தென்காசி ரோட்டில் நடந்தார்கள். சாரல் விடாமல் தூறியது. அகப்பை இல்லாத பவுன் பழைய பவுன் ஆகிவிட்டது. முன்னால் ஓடியது, பின்னால் நின்றது, இருவரையும் சுற்றிக் கயிற்றால் கட்டியது. செல்வி கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து நடந்தாள். அத்தை முகத்தை முந்தானையால் பாதி மூடியிருந்தாள். செல்விக்கு அழுகை வந்தது. மழையில் தெரியாது என்று அழுதாள்.

பாலத்துக்குப் பக்கத்தில் வடிவம்மாள் நின்று போனை எடுத்தாள். கூப்பிட்டது கடையத்துக்கு.

"அண்ணாச்சி, வடிவு பேசுதேன். ஆமா, குத்தாலத்துலருந்துதான். தண்ணி நல்லா விழுது. ஆடி பொறந்ததும் வந்து பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. ஆமா, வழக்கம்லா. நாயா? அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

செல்வி குனிந்து பவுனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாய அனுப்ப மாட்டேன்."

"அத்தே?"

"நீ சும்மா இரிட்டி. அண்ணாச்சி, கேளுங்க. நாயையும் அனுப்பிட்டா இவ அங்கனயே உக்காந்துக்கிடுவா. எம்மவன் தைக்குத்தான் வருவான். அதுவரைக்கும் நான் சாயங்காலம் யார் கூட நடக்கது? செவுத்து கூடயா? நாய் இங்கன நின்னாத்தான் பிள்ள திரும்பி வருவா. ஆடி முழுசும் வச்சுக்கிடலாம்னு நெனைக்காதீங்க, சொல்லிட்டேன்."

போனை இடுப்பில் செருகினாள். முந்தானை விலகியது. அவ்வளவு நேரமும் உள்ளே அடக்கி வைத்திருந்தது என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. "கொரங்குக்கு எடப்பக்கம்..." என்று ஆரம்பித்தவளுக்கு மேற்கொண்டு வார்த்தை வரவில்லை. பாலத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்விக்கும் தொற்றிக்கொண்டது. ரோட்டில் போன பஸ்ஸே வேகத்தைக் குறைத்து இருவரையும் பார்த்துவிட்டுப் போனது.

சிரிப்பு அடங்கும்போதுதான் செல்விக்கு ஒன்று உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தே, பவுன விட்டுட்டு ஒரு மாசம் அங்கன நான் எப்படி இருப்பேன்?"

"அதுக்குத்தாம்ட்டி சொல்லுதேன்," என்றாள் வடிவம்மாள். "வெரசா வந்துரு."